இலைக்கு மேலே நீளும் கை

கல்யாணச் சமையல் குழு ஒன்றில் பரிமாறும் ஆளாக நான் சேர்ந்தபோது எனக்கு வயது 19. காரைக்குடியைச் சுற்றி பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று முகூர்த்தம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே பாத்திரத்தோடு போய் இறங்குவோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நகரத்தார் பலர் கல்யாணம் என்றால் சொந்த ஊர் வீட்டுக்குத்தான் வருவார்கள். முகப்பில் வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, கைகூப்பி, தனித்தனியாக 'வாங்க' என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவரை விட்டுப்போனால் அது வருஷக்கணக்கில் மனத்தாங்கலாக நிற்கும். அந்த அளவுக்குக் கையையும் வாயையும் கவனித்துப் பழகிய ஊர் இது.

நான் முதலில் சறுக்கியதும் ஒரு கையிடம்தான்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பந்திப்பாய் விரித்திருந்தார்கள். மூன்றாவது பந்தி. கவுனி அரிசி, அதாவது கருப்பரிசியில் செய்கிற இனிப்பு, வாளியோடு வந்துகொண்டிருந்தேன். வரிசைக் கடைசியில் ஒரு ஆச்சி, எண்பதைத் தொட்டிருக்கும். நான் குனிவதற்குள் இலைக்கு மேலே கையை நீட்டி, "போதும் தம்பி" என்றார். சரி என்று அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

பின்னால் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அண்ணன் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். "அந்தக் கையைப் பார்த்தியா?"

திரும்பிப் பார்த்தேன். ஆச்சியின் கை இன்னும் அங்கேதான் இருந்தது. நான்கு விரலும் இலையின் ஓரத்துக்கு மேலே லேசாக நின்றன. இனிப்பு வைக்கிற இடம் திறந்தே கிடந்தது. அண்ணன் என்னிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு போய்க் குனிந்தார். "ஆச்சி, ஒரு கரண்டி. பிள்ளைகளை வாழ்த்தணும்ல." ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கரண்டி வைத்தார் அண்ணன். ஆச்சி அதைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துச் சாப்பிட்டார். கடைசியில் நெய் ஒட்டியிருந்த இடத்தை ஆள்காட்டி விரலால் ஒருமுறை வழித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் அவசரத்தில் அந்த ஒரு கரண்டி அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

"வேண்டாங்கிற கை இலையை மூடும். கூச்சப்படுற கை இலைக்குப் பக்கத்துல நிக்கும்," என்றார் அண்ணன். அன்றிலிருந்து நான் சாப்பிடுகிறவர்களின் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சோற்றின் நடுவே விரலால் குழி பறித்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் சாம்பாருக்கோ ரசத்துக்கோ காத்திருக்கிறார் என்று பொருள். அவர் கூப்பிடட்டும் என்று நாம் நிற்கக் கூடாது. உள்ளங்கையைக் குவித்து நீட்டினால் ரசமோ மோரோ கையில் வாங்கிக் குடிக்கப் போகிறார். கரண்டியை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இலையில் நடுவிரலால் சும்மா கோடு போட்டுக்கொண்டிருந்தால் நாம் தாமதம் செய்துவிட்டோம். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பரிமாறியதைத் தொடாமல் கை மடியிலேயே இருந்தால், பந்தியில் மூத்தவர் யாரோ இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை.

இனிப்புக்கு மணிக்கட்டிலிருந்து கையை வெடுக்கென்று ஆட்டி விலக்குகிறவர்கள் உண்டு. அது கூச்சமில்லை, பெரும்பாலும் சர்க்கரை வியாதி. வற்புறுத்தி வைப்பதுதான் உபசாரம் என்று நினைக்கிற வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று, "அட, வைப்பா" என்பார்கள். நான் வைக்க மாட்டேன். இலையில் வைத்ததை வீணாக்கவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் அந்த விரல்கள் அதை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது நாம் செய்கிற கொடுமை.

கையின் பேச்சு எனக்கு வீட்டிலேயே கொஞ்சம் அறிமுகம்தான். அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போர்த்தி, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் விலை பேசுவார். அதே ஒரு விரல் நூறாகவும் இருக்கும், ஆயிரமாகவும் இருக்கும். மாட்டைப் பார்த்தவுடனே எது என்று இருவருக்கும் தெரியும். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை வெளியே வராது. படியாத விலைக்கு அப்பா வாயைத் திறந்து மறுத்து நான் பார்த்ததில்லை. துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொள்வார், அவ்வளவுதான். பந்தியிலும் அதே மாதிரிதான் என்று நினைக்கிறேன். வாய் சொல்லக் கூசுவதைக் கைதான் சொல்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிப்பதற்கும் முறை இருக்கிறது. எங்கள் பக்கம் நல்ல காரியம் என்றால் மேல்பாதியைத் தன் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடர வேண்டும் என்ற எண்ணம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடித்து விடுவார்கள். ஒரு கல்யாணத்தில், பட்டணத்திலிருந்து வந்த ஒரு பையன் தெரியாமல் வெளிப்பக்கம் மடித்துவிட்டு எழுந்தான். பக்கத்து இலையிலிருந்த பெரியவர் யாரையும் கூப்பிடாமல், இடது கையால் அந்த இலையைப் பிரித்து, உள்பக்கமாக மடித்து வைத்துவிட்டுத் தன் மோர்ச் சோற்றைத் தொடர்ந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

இப்போது நான்தான் பந்தி விசாரிக்கிறேன். அண்ணனுக்கு முழங்கால் வலி, வேலைக்கு வருவதில்லை. போன தை மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்திருந்தார். எங்கள் ஆட்கள் சாப்பிடுகிற கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தார். புதுப் பையன் ஒருவன் கவுனி அரிசி வாளியோடு வந்தான். அண்ணன் கையை நீட்டி, "போதும்ப்பா" என்றார். பையன் நகரப் பார்த்தான்.

கை இலையின் ஓரத்தில்தான் நின்றது. நான் பையனின் தோளைத் தொட்டேன்.