அப்கிரேடுக்குப் பிறகு மக்கர் செய்த ஃபோர்ட்ரான்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. 2018-இல் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டது, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் புரோகிராம் அதில்தான் இருக்கிறது. அதன் அடிப்பகுதியை எங்கள் சார் எண்பதுகளில் எழுதினார். ஏழாவது கட்டத்தில் தொடங்கி எழுபத்திரண்டுக்குள் ஒவ்வொரு வரியும் முடிந்தாக வேண்டிய ஃபோர்ட்ரான் 77 பாணி. பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பாகச் சேர்த்ததில் இப்போது நாற்பது கோப்புகள் ஆகிவிட்டன. நான் சேர்த்தவை ஃபோர்ட்ரான் 90 மாட்யூல்கள். முடிவுகளை நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவக் கோப்பாக எழுதும் பகுதியும் என்னுடையது.

18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை நெட்வொர்க்கில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 18.04-இலிருந்து நேராக 22.04-க்குத் தாவ முடியாது, நடுவே 20.04-இல் இறங்கி ஏற வேண்டும். இரண்டு முறையும் கடைசியில் ஒரு கேள்வி வந்தது: இனி தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கிவிடலாமா? இரண்டு முறையும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டினேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜூனியர் பையனின் போன். "அக்கா, புரோகிராம் ஓடவே மாட்டேங்குது. ஏதோ லைப்ரரி இல்லேன்னு சொல்லுது."

லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.4 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்பதுதான் செய்தி. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஃபோர்ட்ரான் புரோகிராம் ஓடும்போது, கம்பைலரோடு (நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) வரும் லைப்ரரி ஒன்றும் உடன் வேண்டும். எங்கள் கம்பைலர் ஜிஃபோர்ட்ரான். அதன் 7-ஆம் பதிப்புக்கு அந்த லைப்ரரி 4 என்ற எண்ணோடும், 8 முதல் 5 என்ற எண்ணோடும் வருகிறது. 18.04-இல் இருந்தது 7, 22.04-இல் இருப்பது 11. நான் 'ஒய்' தட்டி அனுப்பியவற்றில் அந்த 4-ஆம் எண் லைப்ரரியும் போய்விட்டது. 22.04-இன் களஞ்சியத்தில் அது கிடையாது.

ஒழுங்காகப் புதிதாகக் கம்பைல் செய்திருக்க வேண்டும். பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், உடனே ஏதாவது செய்து காட்ட வேண்டும் போலிருந்தது. 5-ஆம் எண் கோப்புக்கு 4 என்ற பெயரில் ஒரு லிங்க் போட்டேன். பெயரை மாற்றி உள்ளே அனுப்பினால் ஏமாந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ஏமாறவில்லை. லைப்ரரிக்குள் ஒவ்வொரு செயலுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. ஜிஃபோர்ட்ரான் 7 முத்திரை இதில் இல்லையே என்று கேட்டு நின்றுவிட்டது. நின்றதும் நல்லதுதான். 8-ஆம் பதிப்பில் அணிகளின் விவரத்தை நினைவகத்தில் வைக்கும் முறையும், எழுத்துச் சரங்களின் நீளத்தைச் சொல்லும் முறையும் மாறிவிட்டன. லைப்ரரி கண்டுகொள்ளாமல் ஓடியிருந்தால் எதையோ எடுத்து எதற்கோ கொடுத்திருக்கும். லிங்கை அழித்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் கம்பைல் செய்து இணைக்கும் 'மேக்' கட்டளையைக் கொடுத்தேன்.

ஒரே வரிதான் வந்தது. யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் ஃபோல்டரில் ஜிஃபோர்ட்ரான் என்ற கோப்பே இல்லையாம். ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் அங்கே இருக்கிறது. பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கண் முன்னால் இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும் கணினியோடு எப்படிப் பேசுவது? டெர்மினலில் முழு விவரத்தோடு பட்டியல் எடுத்தபோதுதான் அந்தப் பெயர் கறுப்புப் பின்னணியில் சிவப்பாகத் தெரிந்தது. அதை அடுத்து ஓர் அம்புக்குறி, அம்பின் முனையில் ஜிஃபோர்ட்ரான்-7. அப்படியானால் அது கோப்பே இல்லை, வெறும் லிங்க். அது காட்டிய கம்பைலரும் அந்த 'ஒய்'யோடு போயிருந்தது. ஆள் காலி செய்த வீட்டின் கதவில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குவது போல.

யார் போட்டது அந்த லிங்க்? தேதி 2019. நான்தான். சோதனைக்காக ஜிஃபோர்ட்ரான் 8-ஐயும் அப்போது நிறுவியிருந்தேன். புரோகிராம் தவறுதலாக அதை எடுத்துவிடக் கூடாது என்று 7-க்கு ஒரு லிங்க் போட்டு, 'மேக்' பார்த்து நடக்கும் மேக்ஃபைலிலும் அந்த முழுப் பாதையையே எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு அதைப் பெரிய புத்திசாலித்தனமாக நினைத்திருப்பேன்.

முதலில் லிங்கை 11-இன் பக்கம் திருப்பி, டெர்மினலில் ஜிஃபோர்ட்ரானின் பதிப்பு எண்ணைக் கேட்டேன். சரியாக 11 என்றது. பிறகு, லிங்க் எதற்கு, கணினியோடு வந்த கம்பைலரே யூஎஸ்ஆர்-பின்னில் இருக்கிறதே என்று அதை அழித்தேன். அதே டெர்மினலில் மறுபடி கேட்டால், யூஎஸ்ஆர்-லோக்கல்-பின்னில் ஜிஃபோர்ட்ரான் இல்லை! இல்லாததைத் தேடி அங்கே ஏன் போகிறது? கம்பைலரை நீக்கித் திரும்ப நிறுவினேன், அப்போதும் அதே பதில். காரணம் வெகு அற்பமானது. டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ், ஒரு கட்டளையை ஒருமுறை எங்கே கண்டதோ அந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை நேராக அங்கேயே போய் நிற்கும். 'ஹாஷ் -ஆர்' என்று தட்டினால் மறந்துவிடும். புதிதாக ஒரு டெர்மினலைத் திறந்திருந்தாலும் போதும். இதற்கு முக்கால் மணி நேரமும் இரண்டு டீயும் செலவு.

மேக்ஃபைலில் பாதையைத் திருத்தி, 'மேக் கிளீன்' கொடுத்து, மறுபடி 'மேக்'. இந்த முறை ஏழெட்டுக் கோப்புகள் ஓடின. அப்புறம் என்னுடைய மாட்யூல் ஒன்றில் போய் நின்றது. இந்த மாட் கோப்பை (மாட்யூலைக் கம்பைல் செய்யும்போது உருவாகும் விவரக் கோப்பு) வேறொரு பதிப்பு ஜிஃபோர்ட்ரான் உருவாக்கியிருக்கிறது, என்னால் படிக்க முடியாது என்கிறது. இப்போதுதானே எல்லாவற்றையும் துடைத்தேன்? மேக்ஃபைலின் கிளீன் பகுதியைப் பார்த்தேன். முன்பு எழுதியவர் ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் அழிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் மாட்யூலே கிடையாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாட்யூல்களைக் கொண்டுவந்த நான்தான் அந்த வரியில் மாட் கோப்புகளையும் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தேன், துடைத்தேன், ஓட்டினேன்.

மறுபடி அதே செய்தி, இந்த முறை நெட்சிடிஎஃப்.மாட் என்ற கோப்பைக் காட்டி. அது நம் புரோகிராமுடையது அல்ல, லைப்ரரியோடு வருவது. புதிய கணினிக்கான நெட்சிடிஎஃப் ஃபோர்ட்ரான் பேக்கேஜை அப்போதுதான் நிறுவியிருந்தேன், பழையதாக இருக்க வாய்ப்பே இல்லை. சந்தேகம் தீர மாட் கோப்பையே திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அது ஜிஜிப்பால் சுருக்கப்பட்ட சாதாரண எழுத்துக் கோப்புதான். 'இசட்கேட்' கட்டளையால் விரித்தால் முதல் வரியிலேயே மாட்யூல் பதிப்பு எண் இருக்கும். யூஎஸ்ஆர்-இன்க்ளூட் ஃபோல்டரில் இருந்த கோப்பு 15 என்றது. ஜிஃபோர்ட்ரான் 11 எழுதுவதும் படிப்பதும் 15-தான். யூஎஸ்ஆர்-லோக்கல்-இன்க்ளூட் ஃபோல்டரிலும் அதே பெயரில் இன்னொன்று இருந்தது. விரித்தால் 14. ஆக, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், மேக்ஃபைல் முதலில் தேடச் சொல்வதோ லோக்கலில்.

அந்த 14-ஐயும் வைத்தது வேறு யாருமில்லை. 2019-இல் நெட்சிடிஎஃப்பை நானே மூலத்திலிருந்து கம்பைல் செய்து லோக்கலில் நிறுவினேன். எதற்காகச் செய்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்கிரேட் செய்யும்போது கணினி தான் வைத்ததை மட்டுமே மாற்றும். லோக்கல் நம் சொந்த இடம், அதில் கை வைக்காது. நான் நட்டு வைத்தவை எல்லாம் அங்கே அப்படியே இருந்தன.

மேக்ஃபைலில் இன்க்ளூட் பாதையை நீக்கியதும் கம்பைல் தாண்டியது. ஆனால் லைப்ரரிப் பாதையை நீக்க மறந்துவிட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் கட்டத்தில் அந்தப் பழைய லிப்ஜிஃபோர்ட்ரான் 4 மறுபடி தலைகாட்டியது. லோக்கலில் இருக்கும் நெட்சிடிஎஃப்புக்கு அது வேண்டுமாம், கிடைக்கவில்லையாம். அதன்பின் லோக்கலிலிருந்து நெட்சிடிஎஃப் தொடர்பான அத்தனையையும் வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அங்கே பழைய என்எஃப்-கான்ஃபிக் கட்டளையும் இருந்தது. லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லும் சிறு கருவி அது. இவ்வளவு நேரமும் பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு நேர்ந்தது யாருக்காவது நேர்ந்தால், கம்பைலரை நீக்கிப் போடும் முன் லோக்கலைத் திறந்து பாருங்கள். நான் அதைச் செவ்வாய்க்கிழமை மாலைதான் செய்தேன்.

வரிசையாகச் சொல்கிறேன் என்று ஒன்றை விட்டுவிட்டேன். மாட் பிரச்சினை தீர்ந்ததும் இணைக்கும் கட்டத்துக்கு நேராக வந்துவிடவில்லை. நடுவில் சாரின் பழைய கோப்புகளில் முப்பதுக்கும் மேல் எர்ரர்கள் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிய கோப்புகள், யாரும் தொடாதவை. ஒரே சப்ரூட்டீனை ஓரிடத்தில் மெய்யெண் கொடுத்து அழைக்கிறீர்கள், இன்னோரிடத்தில் முழு எண் கொடுத்து அழைக்கிறீர்கள், இரண்டும் பொருந்தவில்லை என்பதுதான் எல்லாவற்றின் சாரம். 2020-இல் வந்த ஜிசிசி 10-இலிருந்து (ஜிஃபோர்ட்ரான் அடங்கிய கம்பைலர் தொகுப்பு அது) இது எர்ரர். 7 இதைப் பார்த்து வாயே திறந்ததில்லை.

சாருக்கு போன் செய்தேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் இந்தப் புரோகிராம் பற்றி எப்போது கேட்டாலும் எடுப்பார்.

"சார், டபிள்யூகே-ன்னு ஒரு அரே இருக்கே, அதை ரியல்னு அறிவிச்சிட்டு இன்டிஜர் போட்டு வச்சிருக்கீங்க."

"ஆமாம்மா. அப்போ மெமரி ஏது? ஒரே அரேயை வாங்கி, முதல்ல அதுல நோடு நம்பரை வைப்போம். அது முடிஞ்சதும் அதே இடத்துல ஹெட்டை, அதான் நீர்மட்டத்தை, வைப்போம். ரெண்டும் நாலு பைட்தானே."

"இப்போ கம்பைலர் ஒத்துக்க மாட்டேங்குது சார்."

"ஒத்துக்காட்டி போகட்டும், ஓடுதா பாரு," என்றார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எஃப்-அலவ்-ஆர்குமென்ட்-மிஸ்மேட்ச் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் எர்ரர்கள் எச்சரிக்கைகளாக இறங்கிவிடும். வேண்டுமென்றே செய்யப்பட்ட இந்த வகைப் பழைய வேலைக்கு அது போதும். கொடுத்தேன், கம்பைல் ஆனது. பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள், நானும் நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் எச்சரிக்கைகள் திரையில் ஓடும்போது ஒன்றில் சாரின் கோப்புப் பெயர் இல்லை, என் கோப்புப் பெயர் இருந்தது.

நீர்ப்படுகையின் அடியில் ஏற்படும் கசிவைக் கணக்கிடும் சப்ரூட்டீன் அது. கடைசியாக அதற்கு ஒரு பெருக்கு எண் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மெய்யெண் மாறி ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் வெறும் 1. புள்ளி இல்லாத 1. பக்கத்தில் ஒரு குறிப்பு: கசிவு முழுமையாகச் சேர்க்கப்பட்டது, 2021, கீழே என் பெயரின் முதலெழுத்து. முன்பு அங்கே 0 இருந்திருக்கிறது. புள்ளி இல்லாத 0-தான், ஆனாலும் கெடுதல் இல்லை. முழு எண் 0-க்கும் மெய்யெண் 0.0-க்கும் நினைவகத்தில் நான்கு பைட்டும் சுழியம்தான். 1 அப்படி இல்லை. முழு எண் 1-இன் நான்கு பைட்டை மெய்யெண்ணாகப் படித்தால், புள்ளிக்குப் பின் 44 சுழியங்கள் போட்டு அப்புறம் 14. கசிவை முழுமையாகச் சேர்த்ததாக நினைத்து, அதை ஏறக்குறைய சுழியத்தால் பெருக்கியிருக்கிறேன்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2021-இல் அந்த ரன்னை ஓட்டி, கசிவைச் சேர்த்தும் நீர்மட்டம் அசையாததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தது. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: இப்பகுதியில் கசிவின் விளைவு புறக்கணிக்கத்தக்கது.

1-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன். அந்த ஆப்ஷனை சாரின் மூன்று கோப்புகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எடுத்துவிட்டேன். எடுத்ததில் இன்னும் இரண்டு பொருத்தமின்மைகள் கிடைத்தன. இரண்டும் எங்கும் அழைக்கப்படாத சோதனைக் கோப்புகளில் இருந்தன.

புதன்கிழமை பழைய மாதிரிப் பகுதியை வைத்துச் சரிபார்த்தோம். கசிவு இல்லாத ரன்னில் பழைய வெளியீடும் புதியதும் ஆறாவது இலக்கத்துக்குப் பிறகுதான் வேறுபட்டன. ஒற்றைத் துல்லிய எண்ணில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. இரண்டு கோப்புகளையும் வரி வரியாக ஒப்பிட்டால் எல்லா வரியும் மாறியதாகவே காட்டும். அதனால் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டுக்கொடுத்து ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்டை ஜூனியர் எழுதினான். ஒரு கிணறுகூட அந்த எல்லையைத் தாண்டவில்லை.

கசிவு உள்ள ரன்கள் மொத்தம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முதல் ரன் நேற்று இரவு முடிந்தது. ஆற்றுக்கு அருகே உள்ள கிணறுகளில் நீர்மட்டம் இருபது சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. சாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீதி அஞ்சையும் ஓட்டிட்டு வா, அத்தியாயத்தை எடுத்துட்டு வீட்டுக்கு வாம்மா, பார்ப்போம்," என்றார். இரண்டாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.