ஒரு வருடம் கழித்து

சிங்கப்பூரில் எங்கள் படகுப் பயிற்சி மன்றத்தில் ஓர் இளம் தொண்டூழியர் வைத்த முன்மொழிவை ஒத்திவைத்தது சரியான முடிவு என்றே பெரும்பாலான நாள்களில் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் சொன்ன காரணத்தையும், அதற்கு வந்த பதிலையும் என்னால் இன்னும் மனத்திலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை. "முதலில் ஒரு வருடம் எங்களோடு இருந்து பாருங்கள், பிறகு மாற்றங்களைப் பற்றிப் பேசலாம்" என்று செயற்குழுக் கூட்டத்தில் சொன்னேன். கனிவாகத்தான் சொன்னேன். அந்த இளம் தொண்டூழியர் தலையசைத்துவிட்டு அமர்ந்துகொண்டார். கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது, அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழுக்கு மாறினார்: "ஒரு வருஷம் கழிச்சு எனக்கு இதெல்லாம் பழகிப் போயிடும், அங்கிள். அப்போ மாத்தணும்னு எனக்கே தோணாது."

அவர் கேட்டது பெரிய மாற்றமில்லை. மன்றத்தில் புதிதாகச் சேருபவர்கள் சில வாரங்களுக்கு மாலை வகுப்புகளில் அமர்ந்து ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல்), மிதவைகளின் நிறங்கள், 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகள், முடிச்சுகள் ஆகியவற்றைக் கற்ற பிறகே படகில் ஏறுவார்கள். முதல் நாளே நீரில் இறக்கிவிட்டு, பாடங்களைக் கரையிலும் படகிலுமாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது அவரது யோசனை. கண்ணாலும் காதாலும் எந்நேரமும் சுற்றிலும் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் ஐந்தாம் விதியை, குளிரூட்டிய அறைக்குள் திரையைப் பார்த்து எப்படிக் கற்பது என்று கேட்டார்.

ஓதப் பாடத்துக்கு அவர் ஒரு மாதிரியே வைத்திருந்தார். பாசிர் ரிஸ் கடற்கரையில், நீர் நன்றாக வற்றியிருக்கும் காலை வேளையில், அளவு குறித்த கழி ஒன்றை நட வேண்டும். மணிக்கு ஒரு முறை நீர் எட்டிய இடத்தில் வண்ண நாடா ஒட்ட வேண்டும். ஏற்றம் மொத்தம் 2.4 மீட்டர் என்றால், அதைப் பன்னிரண்டு பங்காக்கி ஆறு மணி நேரத்துக்கு 1, 2, 3, 3, 2, 1 எனப் பிரிக்கும் கணக்கின்படி முதல் மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரும், இரண்டாவதில் 40உம், மூன்றாவதிலும் நான்காவதிலும் 60உம், பிறகு 40உம் 20உமாக நீர் உயரும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் நீரோட்டம் ஏன் இவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதை அந்த நாடாக்களின் இடைவெளியே காட்டிவிடும் என்றார். நம் கடலில் ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் சம உயரத்தில் இருப்பதில்லை, ஆகவே இந்தக் கணக்கு ஏறக்குறையத்தான் பொருந்தும் என்று எங்கள் மூத்த பயிற்றுநர் ஒருவர் திருத்தினார். திருத்தம் சரியானதுதான். ஆனால் அதன்பின் பேச்சு கணக்கின் துல்லியத்தைப் பற்றியதாகிவிட்டது. கழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கழி எனக்கு ஏன் முக்கியமாகப்பட்டது என்று சொல்ல வேண்டும். இன்று இங்கே துடுப்புப் பிடிக்கக் கற்கும் இளையரில் பலர் மெக்ரிட்சி, பிடோக் போன்ற நீர்த்தேக்கங்களிலோ காலாங்கிலோதான் தொடங்குகிறார்கள். கடல்நீரைத் தடுக்கும் மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்ட பிறகு காலாங்கிலும் நீர் ஏறுவதில்லை, வற்றுவதில்லை. அங்கே பழகிய பிள்ளைக்கு ஓத அட்டவணை வெறும் எண்களாகவே தெரியும். அதே பிள்ளை சாங்கியிலிருந்து புலாவ் உபினுக்குக் கயாக்கில் கடக்கும்போது, நேரே துடுப்புப் போட்டும் படகு பக்கவாட்டில் போவதைக் கண்டு திகைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வகுப்பில் அமர்ந்து தேர்வும் எழுதியவர்கள்தாம் அவர்கள். அப்படியானால் எங்கள் வகுப்பு எதைக் கற்றுக்கொடுத்தது?

இப்படிக் கேட்கும்போதெல்லாம் என் தரப்பும் எழுந்து நிற்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் சூறைக்காற்றை அவர் அப்போது நீரில் இருந்து பார்த்ததில்லை. மேற்கு வானம் கறுத்து, காற்று ஒரு கணம் நின்று, பிறகு குளிர்ந்து வீசத் தொடங்கினால், கரைக்குத் திரும்ப மிகக் குறைந்த நேரமே இருக்கும். எந்த நாளில் படகை இறக்கவே கூடாது என்ற அறிவு நாடா ஒட்டிய கழியிலிருந்து வராது. பெற்றோர் எங்களிடம் பிள்ளைகளை அனுப்புவது நாங்கள் நிதானமானவர்கள் என்ற நம்பிக்கையில்தான். இயந்திரப் படகை ஓட்ட 16 வயதானவருக்கும் உரிமம் உண்டு என்றாலும், எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறிய பின்னரே அது கிடைக்கிறது. படிப்பு, பிறகு படகு என்ற வரிசையை நாங்கள் சோம்பலால் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் அவர் நிதானத்தைக் கைவிடச் சொல்லவில்லையே என்று மறுபடி தோன்றுகிறது. பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை; இடத்தை மாற்றத்தான் சொன்னார். நான் மறுத்தது அவருடைய யோசனையையா, அதைச் சொன்னவர் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன என்பதையா?

ஆண்டுப் பொதுக்கூட்டம் தவறாமல் "இளையரை ஈர்க்க வேண்டும்" என்கிறோம். அவர்கள் வராமலும் இல்லை. 2024 ஆகஸ்ட் 9, தேசிய தினத்தன்று, 17 வயதான சிங்கப்பூர் வீரர் மேக்ஸ் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில் காத்தாடி அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வென்றபோது எங்களைத் தேடி வந்து விசாரித்த பிள்ளைகளின் கண்களில் இருந்த ஆவலை நான் மறக்கவில்லை. தங்குவதுதான் இல்லை. பையன்கள் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய்விடுகிறார்கள். தேர்வு ஆண்டில் சனிக்கிழமைகளைத் துணைப்பாட வகுப்பு எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்குக் காட்ட வேண்டிய தொண்டூழிய நேரம் நிறைந்ததும் சிலர் நின்றுவிடுகிறார்கள். இவையெல்லாம் உண்மையான காரணங்கள், எங்களுக்கு வசதியான காரணங்களும்கூட. இருக்கும் நாள்களில் அவர்களிடம் என்ன வேலை கொடுத்தோம் என்று எண்ணினால், படகு தூக்குவதும், உயிர்காப்பு உடைகளை நன்னீரில் அலசிக் காயப்போடுவதும், படம் எடுப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. அலசுவது அற்ப வேலை இல்லை. கொக்கியில் உப்புப் படிந்தால் அவசரத்தில் திறக்காது. ஆனால் அது மட்டுமே வேலையென்றால், இந்த மன்றம் தன்னுடையது என்று ஒரு இருபது வயதுக்காரருக்கு எப்போது தோன்றும்? நாங்கள் மூப்படைகிறோம் என்பதற்காக அவர்களைக் கூப்பிடுகிறோம். அது எங்களுடைய தேவை. அவர்களுடைய தேவை என்னவென்று கேட்ட ஒரே சந்தர்ப்பத்தில், பதிலை ஒரு வருடம் தள்ளிப்போட்டோம்.

அந்த ஒரு வருடம் போய்விட்டது. அவர் விலகவில்லை. அதே அறையில், அதே திரையின் முன் நின்று, இப்போது ஓதப் பாடத்தை அவரே நடத்துகிறார். எங்களில் பலரைவிடத் தெளிவாக நடத்துகிறார். அண்மையில் பழைய யோசனையை நானே நினைவூட்டி, மீண்டும் கூட்டத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். "இப்ப இருக்கிறதே ஓகேதான், அங்கிள்" என்றார். முகத்தில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. கடலை அறிந்த பிறகு எங்கள் முறையின் நியாயம் அவருக்கு விளங்கியிருக்கலாம். ஒரு சூறைக்காற்று நாளில் அவரும் எங்களோடு படகுகளைக் கரையேற்றினார். அது அவர் மனத்தை மாற்றியிருக்கலாம். அல்லது அன்று அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கலாம். இவற்றில் எது என்று அவரிடம் கேட்டால், மரியாதைக்காக முதலாவதைத்தான் சொல்வார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு நானே ஒரு முன்மொழிவு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பயிற்சிச் சுற்றிலும் ஒரு முழு நாளை, சேர்ந்து ஓராண்டு நிறையாத தொண்டூழியர்கள் வகுத்து நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். வானிலை பற்றிய இறுதி முடிவு மட்டும் மூத்த பயிற்றுநரிடம் இருக்கும். அந்த வரியை எடுக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். மற்றவற்றுக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், ஏனென்றால் அந்த எதிர்ப்பின் வாதங்கள் எல்லாம் ஒரு வருடத்துக்கு முன் நானே சொன்னவை. இந்த விதியின்படி அவருக்கு அந்த நாள் கிடைக்காது என்பதும் தெரியும். அவர் ஓராண்டைக் கடந்துவிட்டார். கழி நடும் பாடத்தை வேறொருவர் நடத்துவதற்கு அவர் சொல்லிக்கொடுப்பாரா என்று அவரிடம் கேட்க வேண்டும்.