உலோகவியலா? முதலில் எலிங்கம் வரைபடத்தை வரையுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, வேதியியல் என்னைக் கவிழ்க்கவில்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள், அடுத்த வருஷம் பிளஸ் டூ எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு முதல் அலகான உலோகவியலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

2024-இல் நீட் பாடத்திட்டத்திலிருந்து உலோகவியலைத் தூக்கியதும், "அது எதுக்கு, நேரம் வீண்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. என் டியூஷனிலும் அதே பேச்சுதான். உலோகம், தாது, ஒடுக்கி (ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் பொருள்) என்று ஓர் அட்டவணையைக் கொடுத்து, உருப்போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு உருப்போடுவது வராது. காரணம் தெரியாத எதுவும் என் மண்டையில் தங்காது. அந்த மண்டைக்குச் சரிப்பட்டது, எந்த ஆக்சைடை எது எந்த வெப்பநிலையில் ஒடுக்கும் என்று காட்டும் எலிங்கம் வரைபடம்தான்.

அதைப் பார்த்துப் படிக்காதீர்கள், வெள்ளைத்தாளில் வரையுங்கள். அடியில் வெப்பநிலை, பக்கத்தில் ஆக்சைடு உருவாவதற்கான கிப்ஸ் ஆற்றல் மாற்றம் (வினை தானாக நடக்குமா என்று சொல்லும் அளவு). கோடு கீழே இருக்க இருக்க அந்த ஆக்சைடு உறுதியானது. ஆக்சிஜன் வாயு திண்மத்துக்குள் அடங்கும்போது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, குறைவதால் உலோகக் கோடுகள் மேலே ஏறும். கரி கார்பன் மோனாக்சைடாகும் கோடு மட்டும் கீழே சரியும். அங்கே ஒரு மோல் ஆக்சிஜன் போய் இரண்டு மோல் வாயு வருகிறது. என்னைக் கேட்டால் பாதிப் பாடம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அது இரும்பின் கோட்டைச் சுமார் 1000 கெல்வினில் வெட்டும். அந்த வெப்பநிலைக்கு மேலே கரிக் கோடு இரும்புக் கோட்டுக்குக் கீழே போய்விடுவதால், கரியே இரும்பு ஆக்சைடை ஒடுக்கிவிடும். துத்தநாகக் கோடு 1180 கெல்வின் அருகே முறிந்து விறுவிறுவென ஏறும், உலோகம் ஆவியாவது அங்கேதான். அலுமினியக் கோடோ அடியில் கிடக்கிறது. கரி அதைத் தொட 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஹால்-ஹெரால்ட் மின்னாற்பகுப்பு. உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை (அலுமினிய ஆக்சைடை) கரைத்தால் 1000 டிகிரிக்குள் காரியம் முடிந்துவிடும்.

அப்புறம், இவற்றை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை:

- நுரை மிதப்பு: சல்பைடு தாதுக்களை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பது. காலீனா என்ற ஈயத் தாதுவில் துத்தநாக சல்பைடு கலந்திருந்தால் சோடியம் சயனைடு சேர்ப்பார்கள். துத்தநாகம் நுரைக்கு வராது.
- மாண்ட் முறை: நிக்கலைத் தூய்மையாக்க. கார்பனைல் (நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த சேர்மம்) உருவாவது 350 கெல்வின், சிதைவது 460.
- வான் ஆர்க்கெல் முறை: டைட்டானியத்தைத் தூய்மையாக்க. அயோடினுடன் சேர்த்து அயோடைடாக்கி, 1800 கெல்வினில் டங்ஸ்டன் இழையில் சிதைப்பது.

பிளஸ் டூ வேதியியல் வினாத்தாளில் 24, 33 இரண்டும் கட்டாய வினாக்கள். அங்கே இந்த அலகிலிருந்து "ஏன்" என்று கேட்டுவிட்டால் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, வெட்டும் இடத்தில் வெப்பநிலையைக் குறித்துவிட்டு, அதற்குக் கீழே விடையைத் தொடங்குங்கள்.