மூன்று பிஸ்டன் வாங்கிக்கொண்டு வந்தேன்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டினாற்போல எங்கள் தோட்டம். பாலக்காடு ஜில்லா என்றாலும் ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்களுக்குப் பொள்ளாச்சிதான். பெரியப்பாவின் பழைய டிராக்டர் ஆறு வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. புகையாகத் தள்ளுகிறது, இஞ்சின் வேலை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஆர்.சி. புக் எப்போதோ கரையான் தின்றுவிட்டது. பானெட்டை யாரோ மாற்றி, சிவப்படித்து, மஹிந்திரா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"என்ன மாடலுங்க பெரியப்பா?" என்றால், "இருநூத்தி எழுபத்தஞ்சு கண்ணு" என்பார். அவ்வளவுதான் தெரியும்.

கடையில் அதையே சொன்னேன். மஹிந்திரா 275 டி.ஐ. பிஸ்டன் செட் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் மூன்று பிஸ்டன். வண்டியில் இன்ஜெக்டர் பைப் (டீசல் போகும் குழாய்) நான்கு ஓடுகிறது. சிலிண்டருக்கு ஒரு பைப், ஒரு பிஸ்டன் என்றால், நான்கு பிஸ்டன் வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இஞ்சினை எண்ணாமல் போனது என் தப்பு, அதனால் பேசாமல் வந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் கையில் எடுத்தது ஸ்பேனர். 14 நம்பர் போல்ட்டில் இறங்கவில்லை, 15 நழுவியது. 9/16 கச்சிதமாக உட்கார்ந்தது. "இஞ்ச் வண்டி தம்பி, அப்ப எச்.எம்.டி. இல்ல" என்றார். எச்.எம்.டி. டிராக்டர் செக் நாட்டு ஜெட்டார் டிராக்டரின் வழி வந்தது, அதில் எல்லாம் மில்லிமீட்டர் போல்ட். மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கு சிலிண்டர் மூன்றுதான், அதுவும் போயிற்று. ஆனால் ஆதிகால ஃபெர்குசன் 35-இலும் நான்கு சிலிண்டர் உண்டே? அதற்குக் கியரை எண்ணினோம். ஃபெர்குசனுக்கு முன்னால் போகும் கியர் ஆறு. இதில் நாலு கியர், ஹை லோ சேர்த்து எட்டு, ரிவர்ஸ் இரண்டு.

மிஞ்சியது இன்டர்நேஷனல். அமெரிக்கக் கம்பெனியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு மஹிந்திரா 1963-இல் கூட்டுச் சேர்ந்து, பி-275 என்ற வண்டியை இங்கே செய்தது. இங்கிலாந்தில் அதே குடும்பத்தில் அடுத்து வந்தது பி-414. வெளியில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், இரண்டுக்கும் 4 இஞ்ச், எட்டு கியரும் இரண்டிலும் உண்டு. போர் அளவில், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தில்தான் பிடிபடும்: 275-க்கு 3⅜ இஞ்ச், அதாவது 85.7 மில்லிமீட்டர், 414-க்கு 3½, அதாவது 88.9.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ரிங் ஏறித் தேயாத சிலிண்டரின் மேல் விளிம்பில் வெர்னியர் அளவுகோலை வைத்தேன். 86.2. இதுவும் இல்லை, அதுவும் இல்லை! தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அண்ணன் பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினார். அடியில் 020 என்று அடித்திருந்தது. தேய்ந்த சிலிண்டரை ஒரு தடவை குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற இருபது சைஸ் பிஸ்டன் ஏற்றியிருக்கிறார்கள். இஞ்சில் ஆயிரத்தில் இருபது பங்கு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். கழித்தால் 85.7.

உறுதிப்படுத்த, பிளாக்கின் பக்கவாட்டை டீசலும் கம்பி பிரஷும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தோம். இறுகிப்போன மண், அதற்கடியில் பழைய நீலப் பெயின்ட், அதற்கடியில் எழுத்து. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது: பி.டி. 144. 144 என்பது கன இஞ்சில் இஞ்சின் கொள்ளளவு. 414 என்றால் அங்கே 154 இருந்திருக்கும்.

இந்தத் தடவை கடையில் போய், "பழைய இன்டர்நேஷனல் பி-275, நாலு சிலிண்டர், இருபது சைஸில் ஓடுகிறது, அடுத்த முப்பது சைஸ் வேண்டும்" என்றேன். உள்ளே போய்த் தூசி படிந்த பெட்டியை எடுத்து வந்தார்கள்.

வீட்டில் பெரியப்பா பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் அன்னிக்கே இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு சொன்னனே, கேட்டியா?"