கோத்தகிரித் தேயிலைக்குள் இரண்டு பூனைக்குட்டிகள்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் மலைக்கு இரண்டு வழி. குன்னூர்ப் பக்கம் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். கோத்தகிரிப் பக்கம் 33 கிலோமீட்டர், காற்றாடப் போகலாம். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கும். இந்த முறை போனது சித்தப்பாவைப் பார்க்க. விலங்குக் காட்சியகத்தில் வேலைக்காலம் முழுக்கப் பூனை இனங்களையே பார்த்துக்கொண்டவர், ஓய்வு பெற்றபின் சித்தியோடு கோத்தகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி என்று ஒரு பட்டியல் போட்டுத்தான் கிளம்பினேன். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் பூனைகளைப் பற்றி எழுதுகிறேன்.

காலையில் லாங்வுட் சோலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலைக்குக் கீழே ஒரு சிறு விவசாயியின் தேயிலைத் தோட்டம். இலை வெட்டுகிற கத்திரிச் சத்தம் சட்டென்று நின்றது. “புலிக்குட்டி, புலிக்குட்டி!” என்று ஓர் அக்கா கத்தினார். சித்தப்பா அந்த வயதிலும் படியில்லாத சரிவில் இறங்கிய வேகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

ஓடையோரமாகக் கவாத்துப் பார்க்காமல், அதாவது கிளைகளை வெட்டிவிடாமல், வளர்ந்துவிட்ட பழைய செடிகள். அதில் ஒன்றின் தூரில், சருகு மேல், இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. பழுப்பு உடம்பில் கருப்புப் புள்ளி, நெற்றியிலிருந்து பிடரிக்கு ஓடும் கோடுகள். ஒன்றுக்குக் கண் மூடியே இருந்தது. இன்னொன்றுக்கு ஒரு கண் மட்டும் கீறல் போலத் திறந்து, உள்ளே சாம்பல் நீலமாக ஏதோ தெரிந்தது. மூக்கு மட்டும் ஓயாமல் அசைந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு கையில் ஏந்திவிடலாம் போல இருந்தன.

“புலியும் இல்ல, சிறுத்தையும் இல்லம்மா. சிறுத்தைப் பூனை” என்றார் சித்தப்பா. அவர் கணக்கு எளிமையானது. சிறுத்தைக் குட்டி பிறக்கும்போதே அரை கிலோ இருக்கும். சிறுத்தைப் பூனைக் குட்டி 75 கிராமிலிருந்து 130 கிராம் வரைதான், பத்து நாள் வாக்கில் கண் திறக்கும். கண் திறக்கிற வயதில் இவ்வளவு சிறியது என்றால் புலியாகவோ சிறுத்தையாகவோ இருக்க முடியாது.

“ஐயா, பால் வெச்சா குடிக்கும்ல? வீட்டுக்குக் கொண்டு போயிடவா?” என்று அந்த அக்கா கேட்டார். கூடையில் முந்தானைத் துணியைக்கூட விரித்துவிட்டார். அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன்.

“வேண்டாம்மா. தாய் இங்கதான் எங்கயோ பார்த்துட்டு இருப்பா. நாம போனாத்தான் வருவா.”

தோட்டக்காரர் பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவர். அவரைக் கூப்பிட்டு, அவர் வனத்துறைக்குப் போன் செய்து, அந்த நாலைந்து வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் தோட்டத்தின் மறுகோடிக்குப் போனார்கள். நாய்களைக் கட்டிப்போடச் சொன்னார் வந்த வனக்காப்பாளர். காட்டு விலங்கை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பொறுமையாகவே சொன்னார்.

சாலையோர மதிலில் உட்கார்ந்துகொண்டு சித்தப்பாவைப் பேச வைத்தேன். பசும்பாலில் என்ன தப்பு? பூனைப்பாலில் இருக்கிற அளவு புரதம் பசும்பாலில் கிடையாது, லாக்டோஸ் வேறு வயிற்றைக் கெடுக்கும். இந்த அளவுக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது; முதலில் சூடேற்ற வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற இருக்க வேண்டும். எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று: முதல் சில வாரம் குட்டியால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வரும். தாய் இல்லாத குட்டிக்கு ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் காட்சியகத்தில் இவர்கள் துடைத்து விடுவார்களாம், ராத்திரி இரண்டு மணிக்கும்.

“அதெல்லாம் செஞ்சு பிழைக்க வெச்சிருக்கோம். ஆனா பிழைச்சது பூனையாகவே இருக்காது. மனுஷனைக் கண்டா ஓடி வரும். அதை எந்தக் காட்டுல விடுறது?”

அதனால் காட்சியகத்தில் அவர்கள் பாடுபட்டது முழுக்கத் தாயே வளர்க்கும்படி செய்வதற்குத்தான். சிறுத்தைப் பூனைக்குச் சினைக்காலம் 60 முதல் 70 நாள். நாள் நெருங்கினால் கூண்டுக்குள் இருட்டான பெட்டிகள் வைப்பார்கள், எப்போதும் ஒன்றுக்கு மேல். காட்டில் ஓர் இடம் சரியில்லை என்று பட்டால் குட்டியைக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். கூண்டில் ஒரே பெட்டி இருந்தால் எங்கே போகும்? குட்டியை வாயில் வைத்துக்கொண்டு கம்பியோரமாக முன்னும் பின்னும் நடக்கும், நடந்துகொண்டே இருக்கும். பிடரியில் பல் பதிந்து புண்ணாகிவிடும். கடைசியில் தின்றுவிடுவதும் உண்டு. சித்தப்பா அதைப் பார்த்திருக்கிறார். “தாயே குட்டியைத் தின்னுருச்சுன்னு பேசுவாங்க. அதைத் திங்க வெச்சது நம்ம காலடிச் சத்தம்” என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது.

அப்புறம் ஒழுங்கு. பிரசவமானால் ஒரே ஆள்தான் போக வேண்டும், அதே நேரத்தில், அதே செருப்போடு. உணவை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று கை வைக்கக்கூடாது. இப்போது பெட்டிக்குள் கேமரா வைக்கிறார்கள். அப்போது இவர் சுவரில் காதை வைத்துக் கேட்பாராம். பால் கிடைத்த குட்டிகள் சத்தமில்லாமல் தூங்கும். விடாமல் கத்தினால் பசி, இல்லை குளிர். மூன்று வாரம் போனால் குட்டிகள் இறைச்சியை நக்கிப் பார்க்கத் தொடங்கும். எலும்பில்லாத இறைச்சியாகவே போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் கால் வளைந்துவிடும் என்பதால் முழு எலி, முழுக் கோழிக்குஞ்சு. தாய் அதைக் குட்டிகள் முன் போட்டு ஒரு மாதிரி குரல் கொடுக்கும் என்று சொல்லி, அந்தக் குரலைத் தொண்டைக்குள் எழுப்பியும் காட்டினார். எத்தனை பிரசவங்களைக் காத்திருந்தால் அது வரும்!

பூனை இனத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்றான துரும்பன் பூனையையும் கேட்டேன். குட்டி பிறக்கும்போது 60, 70 கிராம்தான். இலங்கையைச் சேர்ந்தவை கொழும்புக் காட்சியகத்திலும் ஐரோப்பாவில் சில இடங்களிலும் வளர்க்கப்படுகின்றன. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது இவற்றின் குட்டிகளும், காட்டுப்பூனை, சிறுத்தைக் குட்டிகளும் கிடைக்கும். அங்கே வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற விலங்கு மீட்பு அமைப்பும் குட்டிகளைப் பெட்டியில் கண்டெடுத்த இடத்திலேயே ராத்திரி வைத்து, தாய் வந்து தூக்கிப் போவதைக் கேமராவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை வனக்காப்பாளர் மட்டும் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு குட்டிதான் இருந்தது. எனக்குத் திக்கென்றது. சித்தப்பா அசரவில்லை: “ஒண்ணொண்ணாத்தானே கவ்விட்டுப் போக முடியும்? நடுவுல விடிஞ்சிருக்கும், ஆள் சத்தம் கேட்டு நின்னிருப்பா.” தனியாகக் கிடக்கிற குட்டியைப் பார்த்து ‘தாய் கைவிட்டுவிட்டது’ என்று நாம் எடுத்து வருவது பல நேரம் இந்த இடைவேளையில்தான். அதற்கு அடுத்த நாள் சருகில் குழிவு மட்டும் இருந்தது. ஓடைச் சேற்றில் பூனைக் காலடி.

விட்டுவைத்த வரிசைகளில் கொழுந்து முற்றிவிட்டது. அந்த இலையைப் பேக்டரியில் எடுக்க மாட்டார்கள், வெட்டிக் கீழேதான் போட வேண்டும். தோட்டக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலி தொல்லையைக் குறைப்பதே இந்தப் பூனைதான் என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் யோசித்ததெல்லாம் அடுத்த கவாத்து. ஓடையோரப் பழைய செடிகளை மொத்தமாக வெட்டிவிட்டால் ஒளிய இடம் இருக்காதே என்று சித்தப்பா இழுத்தார். இந்த வருஷம் மேல்பாதி, ஓடைப்பக்கம் அடுத்த வருஷம் என்று பிரித்துச் செய்யலாம் என்று இருவரும் டீக்கடையில் பேசி முடித்தார்கள்.