கடையில் வாங்கிய கேமராவும் என் ஃபைனல் இயர் வைவாவும்

எங்கள் வீடு ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்கு அருகே, ஆந்திராவின் சூலூர்பேட்டைப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. ராக்கெட் கிளம்பும் நாளில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். இப்படி ஒரு ஊரில் வளர்ந்துவிட்டு ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வேறு எந்தத் தலைப்பை எடுப்பது? 'கடையில் கிடைக்கும் கேமராக்களை விண்வெளியில் பயன்படுத்துதல்' என்று எழுதிக் கொடுத்தேன். முதல் ரிவியூவிலேயே மண்ணைக் கவ்வினேன்.

காரணம், நான் செய்த பிபிடி முழுக்க வரலாறு. 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் ஃபுளோரிடாவில் ஒரு மருந்துக் கடையில் 40 டாலருக்கு வாங்கிய ஆன்ஸ்கோ கேமராவோடு பூமியைச் சுற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு வீரர் வாலி ஷிரா ஹூஸ்டன் கடையில் வாங்கிய ஹாசல்பிளாட் கேமராவைக் கொண்டுபோனார். அப்புறம் விண்வெளி நிலையத்தில் நிக்கான், கோப்ரோ. இப்படியே இருபது ஸ்லைடு. நடுவில் ஒரு சார் நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, விண்வெளி பயங்கரக் குளிருன்னு சொல்றே. அப்புறம் எதுக்கு அங்கே கேமரா சூடாகி நின்னு போகுது?" அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். இன்டர்னல் மார்க்கும் அதோடு போச்சு.

இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதற்கு முன்னால், ஒவ்வொரு கேமராவிலும் எதை மாற்றினார்கள் என்று தேடுங்கள். க்ளென் கையுறை போட்டிருந்தார், சின்னப் பொத்தானை அழுத்த முடியாது. அதனால் அந்தக் கேமராவில் துப்பாக்கி போல ஒரு கைப்பிடி பொருத்தினார்கள். ஷிராவின் கேமராவில் வெளித்தோலை உரித்துவிட்டு, ஒளி பட்டுப் பளபளக்காதபடி கறுப்பு அடித்தார்கள். 2021-இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்கியபோது பாராசூட் விரிவதைப் படம்பிடித்தவையும் சந்தையில் கிடைக்கும் ரகம்தான். ஆனால் அவை படுத்துவிட்டாலும் இறங்கும் வேலை கெடாதபடி வைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஸ்ட்ராண்ட்-1. உள்ளே ஒரு நெக்ஸஸ் ஒன் போனை வைத்து பிரிட்டனில் செய்த குட்டிச் செயற்கைக்கோள். 2013 பிப்ரவரி 25 அன்று நம் பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட்டில் போனது. நாலாம் வகுப்பில் நான் மாடியிலிருந்து கை காட்டிய ராக்கெட்டுக்குள் ஒரு செல்போன் இருந்தது என்பது எனக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது!

அந்தச் சூட்டுக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் கண்டுபிடித்தேன். பழைய போனில் வீடியோவை ஓடவிட்டு மேஜை ஃபேன் முன்னால் வைத்தேன். முக்கால் மணி நேரமாகியும் நிற்கவில்லை. அதே போனைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டேன். பத்தொன்பதாவது நிமிடம், 'சூடாகிவிட்டது' என்று அணைந்துபோனது. கேமரா சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் சுற்றியிருக்கும் காற்றுதான். வெற்றிடத்தில் அந்தக் காற்று இல்லை. உலோகம் வழியாகக் கடத்த வேண்டும், இல்லையென்றால் கதிர்வீச்சாக வெளியேற வேண்டும், இரண்டாவது மெதுவாகத்தான் நடக்கும். பெட்டியோடு இரண்டாவது ரிவியூவுக்குப் போனேன். அதே சார் அதைத் திறந்து திறந்து பார்த்தார்.

கணக்கு ஒன்றாவது கையால் போட்டுப் பழகுங்கள். விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், நிக்கான் டி5-இன் 6.4 மைக்ரான் பிக்சல் ஒன்று தரையில் 6.4 மீட்டரைப் பிடிக்கும். நிலையத்துக்கு நேர் கீழே தரை நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும் சூலூர்பேட்டை - ஸ்ரீஹரிகோட்டா தூரம் அங்கே இரண்டரை நொடி. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்தாலே ஏழு மீட்டர், அதாவது ஒரு பிக்சலைத் தாண்டி இழுபடும். அதனால்தான் தரையோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்துகிறார்கள். இரவு நேர நகரங்களைப் படம்பிடிக்க விண்வெளி வீரர் டான் பெட்டிட் நிலையத்தில் கிடந்த உதிரிப் பாகங்களை வைத்தே அப்படி ஒரு கருவி செய்துகொண்டார்.

விண்வெளியில் பாயும் துகள்களின் கதிர்வீச்சைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். ஆரம்பாக்கத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் அண்ணன், "சென்சார்ல மட்டும் விரல் வெச்சுடாதே பாப்பா" என்று சொல்லித்தான் தன் கேமராவைக் கொடுத்தார். அதில் லென்ஸை மூடி 30 நொடி எடுத்தால் கறுப்புப் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். சூடு ஏறினால் கூடும், ஏசி அறையில் குறையும். விண்வெளியில் துகள்கள் ஒளியைப் பிடிக்கும் அந்தச் சென்சாரை அடித்து இப்படிப்பட்ட புள்ளிகளைப் பெருக்கிக்கொண்டே போகும். அந்தப் பழுது தங்கிவிடும் என்பதால் நிலையத்துக் கேமராக்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பசையும் பிளாஸ்டிக்கும் வெற்றிடத்தில் ஆவி விட்டு லென்ஸில் படியும் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலூனில் கோப்ரோ கட்டி 30 கிலோமீட்டர் அனுப்பிவிட்டு 'விண்வெளியிலிருந்து எடுத்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விண்வெளி என்று பொதுவாகச் சொல்வது 100 கிலோமீட்டருக்கு மேலே. என் கூடப் படித்தவன் இதில்தான் மாட்டினான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கடைசியாக, "ராக்கெட் ஊர்தானே, நீ எடுத்த வீடியோ இருக்கா?" என்றார். 2024 டிசம்பர் 30 இரவு இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு ராக்கெட் கிளம்பியபோது மாடியில் எடுத்ததைக் காட்டினேன். இருட்டில் ஒரு வெள்ளை உருண்டை, அவ்வளவுதான். பார்த்துச் சிரித்தார். "ஆட்டோ மோடில் விட்டால் போன் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏத்திடும். கிளம்புறதுக்கு முன்னாடியே எக்ஸ்போஷரைக் குறைச்சு லாக் பண்ணிடும்மா" என்று என் போனை வாங்கி அவரே செய்து காட்டினார்.