போர் தண்ணி குடிச்ச ஜென்

எங்கிட்ட ஒரு 98 மாடல் மாருதி ஜென் இருக்கு, டிஎன் 23 நம்பர், கார்புரேட்டர் வண்டி. 2021ல வாங்கினேன். வேலூர் சத்துவாச்சாரில ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்ல தார்பாய் போட்டு மூடி நாலு வருஷமா ஓட்டாம நின்னுகினு இருந்துச்சு. அவர் பையனுங்க வெளியூர் போய்ட்டாங்க, அவருக்கு கண்ணு சரியில்ல, எடைக்கு போடவும் மனசு வரல. சாவி குடுக்கும்போது பானட்ட ஒரு தடவ தடவிட்டு உள்ள போய்ட்டார், திரும்பி வெளிய வரவே இல்ல.

வண்டிய பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், இன்னாபா மாடிஃபை பண்ணியிருக்க. ஸ்டிக்கர் இல்ல, ஸ்பாய்லர் இல்ல, சத்தம் போடற சைலன்சர் இல்ல. நான் சொல்ற பதில கேட்டா நிறைய பேருக்கு சப்புனு போய்டும். முதல்ல தெர்மோஸ்டாட் போட்டேன்னு சொல்வேன், இன்ஜின் தண்ணியோட சூட்ட பாத்து தொறந்து மூடற ஒரு சின்ன வால்வு அது. ஆனா நாலு வருஷமா இந்த வண்டில நான் பண்ணதுல உருப்படியான வேல அதுதான், அதனால அத பத்தி நல்லா விளக்கமாவே எழுதறேன்.

வாங்கின அடுத்த மே மாசம். அம்மாவ செக்கப்புக்கு கூட்டினு போய்ட்டு காட்பாடி பக்கம் திரும்பி வந்துகினு இருக்கோம். மத்தியானம் ரெண்டு மணி, அக்னி நட்சத்திரம், கிரீன் சர்க்கிள்ல வண்டிங்க நகரவே இல்ல. ஏசி காத்து வெதுவெதுனு ஆச்சு, மீட்டர பாத்தா டெம்பரேச்சர் ஊசி சிவப்புக்கு ஒரு நூல் கீழ நிக்குது. ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஹீட்டர ஃபுல்லா தொறந்து புளோயர கடைசிக்கு வெச்சேன். அந்த வெயில்ல ஹீட்டரானு அம்மா என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. ஹீட்டர்ங்கறது டேஷ்போர்டுக்கு உள்ள இருக்கற ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்ட கொஞ்சம் அது வாங்கி உள்ள வுட்டுடும். ஊசி கொஞ்சம் எறங்குச்சு. பாலாத்து பாலம் தாண்டினதும் ஓரமா நிறுத்தி முக்கா மணி நேரம் மரத்தடில உக்காந்தோம். அந்த நேரத்துல ரேடியேட்டர் மூடிய தொறக்கவே கூடாதுங்க, உள்ள பிரஷர்ல கொதிச்சுகினு இருக்கும், மொகத்துலயே அடிக்கும்.

மறுநாள் காகிதப்பட்டறை பக்கம் நான் எப்பவும் போற ஷெட்டுக்கு எடுத்துனு போனேன். பாய் அங்க முப்பது வருஷமா வேல பாக்கறார், கார்புரேட்டர் வண்டின்னா காதுலயே டியூன் பண்ணுவார். மேல் ஹோஸ கழட்டி விரல உள்ள வுட்டு பாத்துட்டு சிரிச்சார்.

"தம்பி, இதுல தெர்மோஸ்டாட்டே கீது இல்ல. எவனோ புடுங்கி கடாசிட்டான்."

"ஏன் பாய் புடுங்கறாங்க?"

"நம்மூரு வெயிலுக்கு வோணாம்னுதான். நானே எத்தினியோ வண்டில கழட்டிகீறேன்."

நான் பாய்கிட்ட மரியாதையாதான் வாதாடினேன், அவர் கையால கத்துக்கினவன் நான், ஆனா இந்த ஒரு விஷயத்துல எனக்கு ஒத்துக்க முடியல. தெர்மோஸ்டாட் இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு வுடாம புடிச்சு வெக்கும், சூடு ஏறினதும் தொறந்து வுட்டுடும், அவ்ளோதான் அதோட வேல. அத கழட்டிட்டா காலைல எடுத்தா ஆம்பூர் போற வரைக்கும் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. அப்படி ஓடினா பெட்ரோல் கூட குடிக்கும், ஆயில்ல ஈரமும் பெட்ரோலும் தங்கும், பிஸ்டன் ரிங்கு சீக்கிரம் தேயும். டிராஃபிக்ல நிக்கும்போது கொதிக்கறதும் அதால நிக்கப்போறது இல்ல, ஏன்னா வியாதி வேற எடத்துல இருக்கு. இத்தன வருஷமா வண்டி கொதிச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு பார்ட்ட கழட்டிதான் வைத்தியம் பண்ணியிருக்காங்க, ஏன் கொதிக்குதுன்னு யாரும் பாக்கல.

ரேடியேட்டர தனியா கழட்டி ரேடியேட்டர் கடைல குடுத்தேன். மேல் டேங்க எடுத்ததும் கடைக்காரர் என்ன கூப்ட்டு காட்டினார். குழாய் வாயெல்லாம் வெள்ளையா, காவியும் வெள்ளையும் கலந்த மாதிரி ஒரு படிவு. ஆணியால சொரண்டினா சுண்ணாம்பு செதில் மாதிரி பேந்து வருது. பாதிக்கு மேல குழாய் அடைச்சிருந்துச்சு. எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த வெள்ளை என்னன்னு சொல்லவே வேணாம், வீட்ல வெந்நீர் வெக்கற குண்டான்ல பாத்திருப்பீங்க, பாத்ரூம் ஷவர்ல பாத்திருப்பீங்க. போர் தண்ணி உப்பு.

இந்த ஒரு விஷயத்த நம்ம பக்கம் பழைய வண்டி வெச்சிருக்கற எல்லாரும் காதுல போட்டுக்கணும்னு ஆசப்படறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, இந்த பாலாத்து ஓரத்துல நிலத்தடி தண்ணியே உப்பு, தோல் ஷாப்பு இருக்கற பக்கம் இன்னும் மோசம். அந்த தண்ணிய காய்ச்சினா உப்பு அடியில தங்குது, ரேடியேட்டர்ல நடக்கறதும் அதேதான், தினமும் காய்ச்சிகினே இருக்கோம். ஜென் இன்ஜின் 993 சிசி, ஹெட்டு பிளாக்கு ரெண்டுமே அலுமினியம். உப்பு தண்ணி அலுமினியத்த உள்ளயே அரிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட் போனப்புறம்தான் தெரியும். கொறையுது கொறையுதுன்னு பைப்புல புடிச்சு ஊத்தாதீங்க, தயவுசெஞ்சு. பேட்டரி கடைல 5 லிட்டர் கேன்ல டிஸ்டில்டு வாட்டர் கெடைக்குது, அதோட கூலன்ட்ட பாதிக்கு பாதி கலந்து ஊத்துங்க. என் வண்டிக்கு மொத்தமே நாலு லிட்டருக்குள்ளதான் புடிச்சுது. கூலன்ட் ஐஸ் புடிக்கற ஊருக்குத்தான், நமக்கு எதுக்குன்னு சொல்வாங்க. அது துரு புடிக்காம, அரிக்காம பாக்கறதுதான் நமக்கு முக்கியம், கொதிநிலையையும் ஏத்தி வுடும். மூடியையும் மாத்துங்க, ஸ்ப்ரிங் தளந்த மூடி பிரஷர் புடிக்காது, பிரஷர் இல்லன்னா தண்ணி 100 டிகிரிலயே கொதிச்சிடும், நல்ல மூடி இருந்தா 120 கிட்ட வரைக்கும் தாங்கும்.

புது தெர்மோஸ்டாட் வாங்கினதும் அப்படியே மாட்டல. அதுல 82னு பொறிச்சிருந்துச்சு, உண்மையிலயே 82லதான் தொறக்குதானு பாக்கணும்னு தோணுச்சு. வீட்ல யூஸ் பண்ணாத ஒரு பழைய அலுமினிய குண்டான்ல தண்ணி வெச்சு அடுப்ப பத்த வெச்சேன். தெர்மோஸ்டாட் நடுவுல இருக்கற தட்ட லேசா அழுத்தி தூக்கி ஒரு தையல் நூல அந்த இடுக்குல கடிக்க வுட்டு, நூலோட மறு முனைய கரண்டிக் காம்புல கட்டி தண்ணிக்குள்ள தொங்க வுட்டேன், பக்கத்துலயே ஒரு சமையல் தெர்மாமீட்டர். 60ல அடியில சின்ன சின்ன குமிழி. 75 ஆச்சு, ஒண்ணும் ஆகல. 80. அடுப்ப சிம்ல வெச்சேன். அம்மா பின்னாடி வந்து நின்னு, "இதுக்காடா குண்டான எடுத்த"ன்னு ஆரம்பிச்சாங்க, அப்பதான் 83 தாண்டும்போது டக்குனு நூல வுட்டுட்டு தெர்மோஸ்டாட் அடியில போய் வுழுந்துச்சு. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம், நடுத்தட்டு மெதுவா மேல ஏறுது, தண்ணி 95 வரும்போது சுண்டு விரல் நொழையற அளவு தொறந்துடுச்சு. "ஆமா, வாயத் தொறக்குது பாரு"ன்னாங்க அம்மா. அடுப்ப அணைச்சுட்டு அது திரும்ப மூடற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க.

ரேடியேட்டர்க்கு புது கோர், அதாவது உள்ள இருக்கற குழாய் செட்டு, இன்ஜினுக்குள்ள தண்ணி வுட்டு வுட்டு செதில் வர்றது நிக்கற வரைக்கும் கழுவினேன், கடைசி ரெண்டு தடவ டிஸ்டில்டு வாட்டர்ல. ஃபேன் சுவிட்ச் ஒண்ணு மாத்தினேன். அன்னிலேருந்து ஊசி பாதிக்கு ஒரு கோடு கீழ நிக்குது, கிரீன் சர்க்கிளோ மே மாசமோ, அது அசையறதில்ல. பாய் ஓட்டி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. போன மாசம் ஷெட்டுக்கு ஒரு பழைய மாருதி 800 வந்திருந்துச்சு, அதுக்கு தெர்மோஸ்டாட் வாங்கியார சொல்லி பையன அனுப்பிகினு இருந்தார், எனக்கு அது போதும்.

மத்த வேலைங்கள சுருக்கமா சொல்லிடறேன். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டேன், சின்ன கரண்ட்ட வெச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற சுவிட்ச் அது. பழைய வண்டில கரண்ட்டு பேட்டரிலேருந்து சுவிட்ச் போய் சுத்தி வர்றதுக்குள்ள வோல்ட் கொறைஞ்சிடும், என் வண்டில இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.8, பல்பு முனைல 11.6 காட்டுச்சு. பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் கொறைஞ்சா வெளிச்சத்துல 30 சதவீதம் கிட்ட கொறைஞ்சிடும். ரிலே வெச்சு ஃபியூஸோட நேரா பேட்டரிலேருந்து தடிமனான வயர் இழுத்தப்புறம் அதே 60/55 வாட் பல்புலயே பள்ளிகொண்டா ரோடு பளிச்சுனு தெரியுது. எதுக்க வர்றவன் கண்ண குருடாக்கற அந்த வெள்ள லைட்டு எனக்கு வேணாம்.

டயர் கம்பெனி சைஸ் 145/70 ஆர் 13. எல்லாரும் 165/65 போட சொன்னாங்க. கணக்கு போட்டு பாத்தா அதோட வெளிவிட்டம் ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறுது, ஸ்டீயரிங்கும் கனமாகும், இது பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. 155/65 போட்டா உயரம் கிட்டத்தட்ட பழைய அளவே வருது, மீட்டரும் பொய் சொல்லாது, அதையே போட்டேன். எடை முக்கா டன்னு கிட்டதான், 50 குதிரை சக்தியே இதுக்கு தாராளம். பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரப்பரா மாத்திட்டேன். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல்ல பழைய ரப்பர் ஊறி வெடிப்பு வுடுது. கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் வண்டி மாதிரி தானா சரி பண்ணிக்கற வசதி கெடையாது, கலவ லீனா போய், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம, பிக்கப்ல இடிச்சுது, பாய் கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்தி சரி பண்ணார். ரொம்ப நாள் ஓட்டாம டேங்க்ல பெட்ரோல வுட்டு வெக்கவும் கூடாது, எத்தனால் ஈரத்த இழுத்துக்கும்.

சீட்டு மட்டும் ஆசைக்கு பண்ணது. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு போற தோல்ல மிச்சம் விழற துண்டுங்கள வாங்கி, அங்கயே ஒருத்தர்கிட்ட தைச்சேன், காப்பிக் கொட்ட கலர். கதவ தொறந்தா அந்த புது செருப்பு வாசன, எங்க நைனா தோல் ஷாப்புல வேல பாத்துட்டு வரும்போது சட்டைல இருந்த வாசனைல பாதி.

ஷெட்டுக்கு வர்ற பசங்க சைலன்சர் மாத்த சொல்றாங்க. வேணாம்பா. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துலேருந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. பதினைஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும், நான் 2023ல 5000 ரூபா ஃபீஸும் பசுமை வரியும் கட்டி வண்டிய காட்டினேன், ஆபீசர் சுத்தி வந்து பாத்துட்டு இன்ஜின் நம்பர் தேய்ச்சு எடுத்துட்டு கையெழுத்து போட்டார். 2028 வரைக்கும் இருக்கு. அப்பவும் இதே மாதிரி காட்டணும்.

போன சித்திரைல அம்மாவ கூட்டினு ஏலகிரி போனேன். பொன்னேரி தாண்டி மலை ஆரம்பிக்கற எடத்துல அம்மா மீட்டர பாக்க ஆரம்பிச்சாங்க. மொத்தம் பதினாலு கொண்டை ஊசி வளைவு, எல்லாம் புலவருங்க, வள்ளலுங்க பேரு. ரெண்டாவது கியர்ல, ஏசி ஓட, கண்ணாடி ஏத்தி வெச்சு ஏறினோம். அம்மா ஒவ்வொரு போர்டா படிச்சுட்டு ஊசிய பாக்கறாங்க, அடுத்த வளைவுல மறுபடியும் ஊசிய பாக்கறாங்க. எட்டாவதோ ஒம்பதாவதோ வளைவு வந்தப்ப போர்டு படிக்கறத மட்டும் வெச்சுக்கினாங்க.

எறங்கி வந்தப்புறம் பாத்தா டிஸ்ட்ரிபியூட்டர் அடியில லேசா ஆயில் கசிஞ்சிருக்கு, அங்க இருக்கற ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம், கெட்டியா போயிருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அதத்தான் மாத்தணும்.